எர்த் எங்கே போச்சு?

நான் படித்தது பி.காம். கரண்ட் என்றால் எனக்குக் கரண்ட் அக்கவுண்ட், சேவிங்ஸ் அக்கவுண்ட் அளவில்தான் பரிச்சயம். ஆனால் கொல்கத்தாவில் ஒரு பழைய அம்பாசடரை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் குப்பை கொட்டியதில், வயரில் ஓடும் கரண்டைப் பற்றியும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதற்குக் கொடுத்த ஃபீஸ் பணமாக மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. ஒரு பெரிய மனுஷரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திய கணக்கும் அதில் சேர்ந்துவிட்டது. அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். எழுதப் போனால் விஷயம் 1838 வரை இழுத்துக்கொண்டு போகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

2009-ல் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தேன். ரிட்டையர் ஆகி ஊருக்குத் திரும்பிய நம்மூர்க்காரர் ஒருவர் தன் 1996 மாடல் பெட்ரோல் அம்பாசடரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கூடவே ஒரு மிஸ்திரியையும். மல்லிக் பஜார் பக்கம் கடை. அப்போதே எழுபதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் சாச்சா, எனக்கும்தான்.

2011-ல் வண்டிக்குப் பதினைந்து வயசு முடிந்தது. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பூஜையும் வருகிறது என்று வண்டியைப் பெயிண்ட் கடையில் விட்டு, உள்ளும் புறமும் அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று கொண்டுவந்தேன். அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட் மஞ்சளாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் பின்னால் டெயில் லேம்ப்பும் சேர்ந்து கண்ணடிக்கும். சாச்சாவிடம் சொல்லி புது பேட்டரி போட்டேன். மூன்றே வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! அவர் கடைக்குப் போய், வேலையாட்கள், கஸ்டமர்கள் எல்லோரும் இருக்கும்போது, "பழைய பேட்டரிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துட்டீங்களா சாச்சா? பேங்க்காரனையே ஏமாத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் வேறு ஒரு ஒர்க் ஷாப்பில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி வேலை பார்க்க வைத்தேன். அதற்கு ஒரு பில். பலன் பூஜ்யம்.

பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ராத்திரி. லேக் மார்க்கெட்டில் சாமான் வாங்கிவிட்டு, கொட்டுகிற மழையில் பெண்டாட்டி, இரண்டு சின்னக் குழந்தைகளோடு வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்கிறேன். இழுக்கவில்லை. திரும்பத் திரும்ப சாவியைத் திருப்புகிறேன். "என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருதே" என்றாள். டேஷ்போர்டில் சோக் குமிழைத் தொட்டேன், சுரீர் என்று சுட்டது. அதன் பின்னாலிருந்து மெல்லிசாகப் புகை. குழந்தைகளை மழையிலேயே இறக்கிவிட்டு, பானட்டைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கினேன். கை நடுக்கம் நிற்க வெகு நேரமாயிற்று.

சோக் என்பது வெறும் இரும்புக் கம்பி. அதற்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்? அது ஏன் சூடாக வேண்டும்?

எர்த் என்ற சொல் வந்த வழி

நம் மெக்கானிக்குகள் "பாடி எர்த்" என்பார்கள். அமெரிக்காக்காரன் கிரவுண்ட் என்பான். இரண்டுமே பூமிதான். ஆனால் நாலு ரப்பர் டயரில் நிற்கும் காருக்கும் பூமிக்கும் மின்சாரத் தொடர்பு கிடையாது. பிறகு எதற்கு இந்தப் பெயர்?

இது தந்தியிலிருந்து வந்த சொல். ஆரம்ப காலத் தந்திக்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இரண்டு வேண்டியிருந்தது. 1838-ல் ஜெர்மனியில் கார்ல் ஆகஸ்ட் ஃபான் ஸ்டைன்ஹைல் என்பவர், நியூரம்பர்க் - ஃபூர்த் ரயில் பாதையின் தண்டவாளங்களையே இரண்டு கம்பிகளாகப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை. ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மண் வழியாகவே கரண்ட் தாவிவிட்டது. தோற்றுப்போன சோதனைதான், ஆனால் அவருக்குப் பொறி தட்டியது. மண்ணே கரண்டைக் கடத்துகிறது என்றால் திரும்பி வர இரண்டாவது கம்பி எதற்கு? இரண்டு முனையிலும் ஒரு உலோகத் தகட்டை மண்ணில் புதைத்தால் போதுமே! கம்பிச் செலவு பாதியாகக் குறைந்தது.

அடுத்த வருஷமே, 1839-ல், இங்கே கொல்கத்தாவில் ஒரு ஆள் ஏறக்குறைய இதே வேலையில் இருந்தார். வில்லியம் ஓஷாக்னஸி, கல்கத்தா மெடிக்கல் காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்த ஐரிஷ் டாக்டர். சோதனைக்காகத் தந்திக் கம்பி இழுத்தவர், சர்க்யூட்டின் ஒரு பகுதிக்குக் கம்பிக்குப் பதிலாக ஹூக்ளி நதியின் தண்ணீரையே வைத்துப் பார்த்தார். சமிக்ஞை போனது. அதே ஆள் பிறகு கல்கத்தா - டயமண்ட் ஹார்பர் தந்தி லைனைப் போட்டார். 1851-ல் அது செயல்பட ஆரம்பித்தது.

இதைப் புரிந்துகொள்ள இன்னொரு சுலபமான வழி, கொல்கத்தா டிராம். இங்கே 1902-ல் மின்சார டிராம் வந்தது. தலைக்கு மேலே ஒரே ஒரு கம்பி. கரண்ட் அதில் வந்து, மோட்டாரைச் சுற்றிவிட்டு, இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போகிறது. பம்பாயில் 1962 முதல் 1971 வரை ட்ராலி பஸ் ஓடியது. அதற்கு மேலே இரண்டு கம்பி. ஏன்? பஸ்ஸுக்கு ரப்பர் டயர், கரண்ட் கீழே இறங்க வழியில்லை. அதனால் திரும்பிப் போகவும் ஒரு கம்பி.

எங்கள் பாஷையில் சொன்னால் இது டபுள் என்ட்ரி. ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் உண்டு. பேட்டரியிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு ஆம்பியரும் பேட்டரிக்குத் திரும்பியே ஆக வேண்டும். போகிற பக்கத்துக்கு வயர், ஃபியூஸ், ஸ்விட்ச் என்று ஆயிரம் மரியாதை. வருகிற பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

காருக்குள் வந்த கதை

முதல் கார்களில் மின்சார வேலை குறைவு. விளக்கு அசிட்டிலீன் வாயுவில் எரியும். ஸ்டார்ட் செய்யக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். ஸ்பார்க்குக்கு மட்டும் மேக்னெட்டோ. அந்த ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள், அதற்கு ஒரே ஒரு வயர்தான். மறுபக்கம் எஞ்சினில் திருகிய மரை. அதாவது எஞ்சின் உடம்பே திரும்பும் வழி.

1912 மாடல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. கூடவே பேட்டரி, மின்விளக்கு எல்லாம் காரில் குடியேறின. ஸ்டார்ட்டர் மோட்டார் குடிக்கும் கரண்ட் கொஞ்சநஞ்சமில்லை, நூறு ஆம்பியரைத் தாண்டும். அதற்கு இரண்டு கனமான செம்புக் கேபிள் போட்டால் விலையும் கனமும் ஏறும். கீழே இரும்பு சேஸிஸ் சும்மாதானே கிடக்கிறது? அதையே ஒரு கேபிளாக வைத்துக்கொண்டார்கள். மரச் சட்டத்தில் கட்டிய பாடிகள் போய், 1914-ல் வந்த டாட்ஜ் பிரதர்ஸ் காரைப் போல எஃகு பாடிகள் பெருகப் பெருக, ஒற்றை வயர் முறை உலக வழக்கமானது. இரும்பு செம்பைவிட மட்டமான கடத்திதான். ஆனால் பாடி முழுக்க இரும்பு என்பதால் அதன் பருமன் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும்.

ஓட்டை எங்கே வந்தது என்றால், ரப்பரில். 1931-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரில் "ஃப்ளோட்டிங் பவர்" என்று விளம்பரம் செய்தது. எஞ்சின் அதிர்வு உள்ளே வராமல் இருக்க எஞ்சினையே ரப்பர் மேல் உட்கார வைத்தார்கள். பிறகு எல்லோரும் அதையே செய்தார்கள். பயணம் சுகமானது. ஆனால் ரப்பர் கரண்டைக் கடத்தாது. ஸ்டார்ட்டரும் டைனமோவும் எஞ்சினில் மாட்டியிருக்கின்றன. பேட்டரியின் ஒரு முனை பாடியில். நடுவில் ரப்பர். அதனால் எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒரு பட்டையான செம்புப் பின்னல் போட வேண்டியதாயிற்று. பெண்களின் ஜடை மாதிரி இருக்கும், அதிர்ந்தாலும் ஒடியாது. மொத்தக் காரின் கரண்டும் திரும்பி வரும் ஒற்றையடிப் பாலம் அதுதான்.

பிளஸ்ஸா மைனஸா?

பாடியில் பேட்டரியின் எந்த முனையை மாட்டுவது? இன்று எல்லாக் காரிலும் மைனஸ். ஆனால் இங்கிலாந்தில் 1930களின் நடுவிலிருந்து 1960களின் கடைசி வரை பிளஸ்தான் பாடியில். லூகாஸ் கம்பெனி கொண்டுவந்த வழக்கம். டெர்மினலும் வயரும் அரிப்பது குறையும், ஸ்பார்க் பிளக் தேய்மானம் குறையும் என்று காரணம் சொன்னார்கள். அமெரிக்காவில் ஃபோர்டும் 1955 வரை 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். 1956-ல்தான் 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது.

இதற்கு முடிவு கட்டியது ஆல்டர்னேட்டர். அமெரிக்காவில் 1960 மாடல் வேலியண்ட் காரில் ஆரம்பித்தது, 1967-ல் இங்கிலாந்தின் எம்.ஜி.பி. காருக்கு வந்தபோது நெகட்டிவ் எர்த்தும் கூடவே வந்தது. டைனமோவைத் தலைகீழாக மாட்டினாலும் சரிக்கட்டிவிடலாம். ஆல்டர்னேட்டருக்குள் டயோடுகள் இருக்கின்றன. பேட்டரியைத் தப்பாக மாட்டினால் ஒரு நொடியில் கருகிவிடும். உலகம் முழுக்க ஒரே முறை தேவைப்பட்டது, மைனஸ் ஜெயித்தது.

நம் அம்பாசடர் 1956-ல் வந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரீஸ் மூன்றின் வாரிசு. ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில், 2014 மே மாதம் வரை தயாரானது. தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். (சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இதற்கு நேர் எதிர். தனி சேஸிஸ் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள்.) அந்த ஆக்ஸ்ஃபோர்டில் பாசிட்டிவ் எர்த். சாச்சா பையனாகத் தொழில் கற்றபோது கைக்கு வந்த வண்டிகளெல்லாம் அப்படித்தானாம். பிறகு ஒவ்வொன்றாக மைனஸுக்கு மாற்றியிருக்கிறார். பேட்டரியைத் திருப்பி மாட்டி, டைனமோவின் ஃபீல்டு முனையில் பேட்டரி வயரை ஒரு கணம் தொட்டு எடுத்தால், அதன் துருவம் மாறிவிடுமாம். "தொட்டு எடுக்கணும் தாதா, பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது" என்பார்.

வயர் கலரிலும் ஒரு வேடிக்கை உண்டு. லூகாஸ் வழக்கத்தில் கறுப்பு எர்த், பிரவுன் பேட்டரியிலிருந்து நேராக வரும் கரண்ட். ஜெர்மன் கார்களில் பிரவுன்தான் எர்த்! அம்பாசடரில் பழகியவர் அப்படியே ஜெர்மன் வண்டியில் கை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் காலை

புகை வந்த மறுநாள் வேறு வழியில்லாமல் சாச்சாவுக்கே போன் செய்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். பானட்டைத் திறந்தார். ஜம்ப் ஸ்டார்ட் கேபிளில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் கவ்வ வைத்தார். "சாவி போடுங்க." ஒரே இழுப்பு, வண்டி ஸ்டார்ட்!

அணைத்துவிட்டு கீழே படுத்துப் பார்த்தார். செம்புப் பின்னல் எண்ணெயும் சேறும் அப்பி, நாலைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அது பாடியில் சேரும் இடத்தைச் சுரண்டினார். போல்ட்டுக்கு அடியில் என் புதுப் பெயிண்ட். பேட்டரி எர்த் சேரும் இடத்திலும் பெயிண்ட். டிக்கியில் டெயில் லேம்ப் எர்த்திலும் பெயிண்ட். எல்லாம் கழற்றிப் பளபளவென்று அடித்துத் திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். நான் காசு கொடுத்துச் செய்த வேலை!

ஆல்டர்னேட்டர் உடம்பும் எஞ்சினில்தானே இருக்கிறது? பாலம் அறுந்ததால் அது பேட்டரியை ஒழுங்காக சார்ஜ் செய்யவில்லை. புது பேட்டரி படுத்தது அதனால்தான். ஸ்டார்ட்டர் கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. எஞ்சினையும் பாடியையும் இணைத்த ஒரே உலோகம் சோக் கேபிள். நூறு ஆம்பியர் அந்த மெல்லிய கம்பியில் ஏறியது. புகை வந்த ரகசியம் அதுதான். டெயில் லேம்ப் கண்ணடித்த கதையும் இதே. இண்டிகேட்டர் கரண்டுக்குச் சொந்த எர்த் அடைபட்டதால், பக்கத்து பல்பின் இழை வழியாக வெளியேறப் பார்த்திருக்கிறது.

பின்னால் நானே ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 5 வாட் பார்க்கிங் லைட்டுக்கு அரை ஆம்பியருக்கும் குறைவு, இழப்பு தெரியவே தெரியாது. அதே இடத்தில் ஸ்டார்ட்டரின் 100 ஆம்பியர் போனால் 2 வோல்ட் அங்கேயே அவுட். அதனால்தான் "லைட் எரியுதே, எர்த் சரியாத்தானே இருக்கு" என்று ஏமாறுகிறோம். மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தாலும் பூஜ்யம்தான் காட்டும், ஒரே ஒரு இழை இருந்தால் கூட. கரண்ட் ஓடும்போது வோல்ட்டில் பார்க்க வேண்டும். ஒரு முள்ளைப் பேட்டரி மைனஸ் முனையிலும், இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அரை வோல்ட்டைத் தாண்டினால் சுரண்டும் வேலை இருக்கிறது. லைட்டுக்கு, அதை எரியவிட்டு அதன் எர்த் முனையில் பாருங்கள், 0.1-க்குள் இருக்க வேண்டும். சாதா பல்பில் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் போய்விடும்.

சுத்தம் செய்யும் முறை, சாச்சா செய்தபடியே:

1. முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதுதான் கடைசி.
2. பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவ வேண்டும்.
3. கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனால் எர்த் பாயிண்ட் வரும். ஹெட்லைட் பக்கம், டேஷ்போர்டு பின்னால், டிக்கியில், எஞ்சினுக்கு அடியில்.
4. போல்ட்டைக் கழற்றி, வயர் முனை, பாடி இரண்டையும் எமரித் தாளால் வெறும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும்.
5. பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, முடுக்கிய பிறகு மேலே வாசலின் அல்லது கிரீஸ் பூச வேண்டும்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. புதுப் பின்னலின் விலை, நான் வேறு இடத்தில் ஸ்டார்ட்டருக்குக் கொடுத்த கூலியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. சாச்சா தன் கூலியைச் சொன்னார். ஒரு ரூபாய் கூட்டவுமில்லை, பேட்டரி விஷயத்தைக் குத்திக் காட்டவுமில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

சாயங்காலம் அவர் கடைக்குப் போனேன். அன்று இருந்த அதே வேலையாட்கள் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, "அன்னிக்கு நான் பேசினது தப்பு சாச்சா. பேட்டரி நல்ல பேட்டரிதான். மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மண் குவளையில் டீ வாங்கிவரச் சொன்னார். "போற கரண்டை எல்லாரும் பாப்பாங்க தாதா. திரும்பி வர்றதை யாரும் பாக்கறதில்லை" என்றார். வயரைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

2016-ல் மாற்றலாகிக் கிளம்பும்போது வண்டியை விற்றுவிட்டேன். கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாசடர் டாக்ஸிகளும் பதினைந்து வருடக் கணக்கில் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருக்கின்றன. இப்போது எலெக்ட்ரிக் கார் காலம். அதில் மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியின் எந்த முனையும் பாடியைத் தொடுவதில்லை. வோல்ட்டேஜ் முந்நூறு, நானூறு என்பதால், தொட்டால் ஆபத்து. போக ஒரு கேபிள், வர ஒரு கேபிள், இரண்டுமே ஆரஞ்சு நிறத்தில். ஸ்டைன்ஹைலுக்கு முந்தைய தந்தி மாதிரி மறுபடி இரண்டு கம்பி! ஆனால் ஹாரன், ரேடியோவுக்கு அதிலும் ஒரு குட்டி 12 வோல்ட் பேட்டரி உண்டு. அதன் மைனஸ் இன்னும் பாடியில்தான்.

டிஸ்கி: எஞ்சின், ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள். எலெக்ட்ரிக் காரின் ஆரஞ்சு கேபிளில் கையே வைக்காதீர்கள். மற்றபடி, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரி மாற்றும் முன், மிஸ்திரியைத் திட்டும் முன், ஒரு தடவை எர்த்தைப் பாருங்கள்.